பொருளின் ஆயுளும் உரிமையின் ஆயுளும்

ஒரு பொருள் உடைந்து ஒருவர் ஊனமுற்றால், அதைச் செய்தவர் பொறுப்பாளியா? விற்றவர்தானே பணம் வாங்கினார், அவரைக் கேள் என்பதே பழைய சட்டத்தின் பதில். 1916இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சுவரை இடித்தது. பியூக் காரொன்றின் மரச்சில்லு நொறுங்கி, அதை ஓட்டியவர் காயப்பட்டிருந்தார். ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருளைச் செய்பவர், தாம் ஒருபோதும் காணாத பாவனையாளருக்கும் கடமைப்பட்டவர் என்றார் நீதியரசர் கார்டோசோ.

ஆயினும் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்குள் நடந்ததை ஒரு பணிப்பெண் எப்படி நிரூபிப்பாள்? அவளது கையில் கொக்கா கோலாப் போத்தல் வெடித்த வழக்கில், 1944இல் கலிபோர்னிய நீதியரசர் ட்ரேய்னர் தனித் தீர்ப்பொன்று எழுதினார். தவறு இருந்ததா என்று தேட வேண்டாம். ஒருவரை நொறுக்கிவிடும் இழப்பை உற்பத்தியாளர் காப்புறுதி செய்து விலையில் பலருக்கும் பகிரலாம் என்பது அவர் வாதம். 1963இல் அதே நீதிமன்றம் ஏகமனதாக அதனை ஏற்றது. தவறு செய்யாதவரைத் தண்டிப்பதா என்று கேட்போர் உண்டு. இது தண்டனையல்ல, சுமையை எந்தத் தோள் தாங்கும் என்ற கேள்வி. எனக்கு ட்ரேய்னரே சரியெனப்படுகிறார்.

ஆனால் அமெரிக்காவில் இது பெரும்பாலும் மாநிலங்களின் சட்டம். வட கரோலினா இக்கோட்பாட்டை எழுத்திலேயே மறுத்திருக்கிறது. இன்னொரு விடயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பொருள் விற்கப்பட்டு டெக்சாசில் 15 ஆண்டுகளும் வட கரோலினாவில் 12 ஆண்டுகளும் கடந்தால், சில விலக்குகள் தவிர, வழக்கே தொடர முடியாது. எண்ணிக்கை தொடங்குவது காயப்பட்ட நாளிலிருந்து அல்ல. பதினாறாம் ஆண்டில் கையை இழப்பவனின் உரிமை, கை இருக்கும்போதே இறந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் பொருள்களுக்கு இப்படிப் பொதுவான எல்லை இல்லை.

உற்பத்தியாளர் பக்கமும் நியாயம் உண்டு. ஆவணங்கள் அழிகின்றன, வடிவமைத்தவர் மரணிக்கிறார், முடிவில்லாத பொறுப்புக்குக் காப்புறுதி கிடைப்பதும் கடினம். இருந்தும் பழைய இயந்திரம் யாரிடம் போய்ச் சேர்கிறது? புதிது வாங்க வசதியுள்ள பெரிய ஆலை அதை விற்றுவிடும். இரண்டாம், மூன்றாம் கையாக வாங்கும் சிறு பட்டறையில், நாட்கூலிக்கு நிற்பவனின் விரல்களுக்கு அருகேதான் அதன் பதினாறாம் ஆண்டு கழிகிறது.