விரற்பலகையும் முதற்காரணமும்

மின்கிதாரின் விரற்பலகைக்கு, அதாவது விரல் தந்தியை அழுத்தும் மெல்லிய மரத்தகட்டுக்கு, மேப்பிள், ஈட்டி, கருங்காலி ஆகியவற்றுள் எது நல்லோசை தரும் என்னும் வழக்கு, நாதம் பொருளில் முன்பே உறைகிறதா என்னும் பழைய தத்துவ வினாவின் புதிய வடிவமே. விளைவு காரணத்தில் முன்னரே நுண்ணிதாக உண்டு எனக் கொள்ளும் சற்காரியவாதத்தை ஏற்கும் சைவ சித்தாந்தம், குடத்துக்கு மண்ணை முதற்காரணமாகவும், திரிகையைத் துணைக்காரணமாகவும், குயவனை நிமித்த காரணமாகவும் பிரித்துக் காட்டுகிறது.

இப்பகுப்பின்படி நோக்கின், காந்தச் சுருளாகிய பிக்கப் எஃகுத் தந்தியின் அசைவையே மின்னலையாக மாற்றுவதால், மரம் முதற்காரணம் ஆகாது. துணைநிற்பதே அதன் தொழில். ஃபெண்டர் நிறுவனம் 1959இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் தன் மின்கிதாருக்கு ஈட்டிப் பலகை பொருத்தத் தொடங்கியபோது மாறியது பெரும்பாலும் விரலின் உணர்வே எனலாம்: மேப்பிளுக்குப் பூச்சு வேண்டும், எண்ணெய்ப்பசையுள்ள ஈட்டிக்கு வேண்டியதில்லை. (ஓசை மாறியதாகச் செவி சொல்வதில் கண்ணுக்கும் பங்குண்டு.)

இலங்கை மலையகத்தின் றொசல்ல, ஹட்டன் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து என்னும் சடங்குக் கூத்துக்கு முழங்கும் தப்பு என்னும் பறையில் நிலைமை வேறு. மரவளையத்தில் இழுத்துப் பொருத்திய தோலே அங்கு அதிர்கிறது. அதுவும் தீயில் காய்ச்சிய பின்னரே முறுக்கேறி முழங்குகிறது. தோலில் உறைந்திருந்த ஓசையைத் தீ வெளிப்படுத்தியது என்பது சித்தாந்தியின் விடையாக, முன்பு இல்லாத ஓசை புதிதாகப் பிறந்தது என்பது விளைவைப் புதுப்பொருளாகக் கொள்ளும் நியாய மரபின் விடையாக அமையும். ஆயின், சற்காரியவாதத்தை நாவால் ஒப்புக்கொண்டே, தோலையும் அதை இசைப்போரையும் தீட்டெனத் தள்ளி, அதிலிருந்து எழும் முழக்கத்தை மட்டும் தெய்வத்துக்கு உரியதாக ஏற்ற சாதி வழக்கத்தை எந்தத் தருக்கத்தாலும் நிறுவ முடியாது.