யார் போட்ட பந்து

2022 ஜூன் 13. சான் பிரான்சிஸ்கோவில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச்சுற்றில் ஐந்தாவது ஆட்டம். அந்த லீக்கின் வரலாற்றில் தூரத்திலிருந்து மிக அதிகமான பந்துகளைக் கூடைக்குள் போட்டிருந்த ஸ்டீஃபன் கரி, அன்று மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று ஒன்பது முறை எறிந்தார். ஒன்றுகூட விழவில்லை. ஆனாலும் அவருடைய கோல்டன் ஸ்டேட் அணி பாஸ்டனை 104–94 என்று வென்றது. 26 புள்ளிகளும் 13 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பிய பந்துகள்) எடுத்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர் ஆண்ட்ரூ விக்கின்ஸ். முந்தைய ஆட்டத்தில், பாஸ்டன் ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே, இதே கரி 43 புள்ளிகள் எடுத்திருந்தார். அதற்கும் முந்தைய ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரணிக்காரர் ஒருவரின் உடம்புக்கு அடியில் சிக்கி அவர் கால் மடங்கியிருந்தது. கால் மடங்கிய பின் 43 புள்ளி, அடுத்த ஆட்டத்தில் ஒன்பதுக்குப் பூஜ்யம். அடிபட்டதால் ஆட்டம் கெட்டது என்று இதை வைத்து யாராவது எழுதினால் நம்பலாமா? அடிபட்டும் அசரவில்லை என்று எழுதினால்? இரண்டுமே எழுதப்பட்டன. இரண்டு நாள் இடைவெளி போதுமானதாக இருந்தது.

ஸ்கோர் புத்தகத்தில் ஒரு பெயருக்கு நேரே ஒரு எண் இருக்கும். அந்த எண் அந்தப் பெயருக்கு மட்டுமே சொந்தமானது என்று நாம் பிடிவாதமாக நம்புகிறோம். அவர் கணுக்காலுக்கு அதில் பங்கு உண்டு, கூட ஆடும் நால்வருக்கும் பங்கு உண்டு என்று சொன்னால், நட்சத்திரத்தைக் குறைத்துப் பேசுவதாகக் கோபம் வருகிறது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பேனர்களைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய முகம், ஓரத்தில் தபால்தலை அளவில் வரிசையாகப் பல முகங்கள். விளையாட்டை நாம் பார்க்கிற விதமும் ஏறக்குறைய இப்படித்தான்.

பந்தை எறிவது கை என்று தோன்றும். விசை பிறப்பது பாதத்தில். கணுக்கால் தள்ளுகிறது, முழங்கால் நிமிர்கிறது, இடுப்பு அதை வாங்கித் தோளுக்கு அனுப்புகிறது, முழங்கை நீள்கிறது, மணிக்கட்டு கடைசியாகத் திசை மட்டும் சொல்கிறது. என்.பி.ஏ. மைதானத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 7.24 மீட்டர். நம் ஊர்களில் பின்பற்றும் உலகக் கூட்டமைப்பின் விதிப்படி 6.75 மீட்டர். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விட்டம் 45 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு வாசல் தாராளம். 45 பாகையில் சரிந்து வரும் பந்துக்கு அதே வாசல் 32 சென்டிமீட்டராகச் சுருங்கும். 30 பாகைக்குத் தணிந்துவிட்டால் 22.5 தான், பந்தைவிடச் சிறிய வாசல். கணுக்கால் வலித்தால் முதலில் குறைவது குதிப்பின் உயரம். அதை ஈடுகட்டக் கை கூடுதலாகத் தள்ளும், வளைவு தட்டையாகும், பந்து வளையத்தின் முன் விளிம்பில் முட்டித் திரும்பும். பார்க்கிறவர்கள் “கை போச்சு” என்பார்கள். கை அப்படியேதான் இருக்கும்.

கரியின் வலது கணுக்கால் ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய கேலிப்பொருள். 2011இல் ஒரு அறுவை, 2012இல் இன்னொன்று. 2011–12 பருவத்தில் அவர் ஆடியது வெறும் 26 ஆட்டங்கள். இந்தக் கால் தேறாது என்று பலர் முடிவு கட்டியிருந்த நேரத்தில், 2012 அக்டோபரில், நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நமக்கு அது கற்பனைக்கெட்டாத தொகை. அந்தச் சந்தையில் அது சோடைபோன மாட்டுக்குப் பேசிய விலை. பிறகு பயிற்சியாளர்கள் அவர் இடுப்புக்கும் தொடைக்கும் வலுவேற்றி, கணுக்கால் சுமந்த பாரத்தை மேலே மாற்றினார்கள். 2012–13இல் 272 மூன்று புள்ளிப் பந்துகள், அன்றைய சாதனை. 2014–15இல் 286. 2015–16இல் 402.

இந்தக் கதையை மன உறுதியின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்குச் சுவையாகப் படுவது அந்த மலிவு ஒப்பந்தத்தின் பின்விளைவு. 402 போட்ட அந்தப் பருவத்தில் ஒரு வாக்குகூடப் பிசகாமல் லீக்கின் சிறந்த வீரராகத் தேர்வான கரி, சொந்த அணியின் சம்பளப் பட்டியலில் ஐந்தாவது இடத்தில் இருந்தார். கிளே தாம்ப்சன், டிரேமண்ட் கிரீன், ஆண்ட்ரூ போகட், ஆண்ட்ரே இகுவடாலா ஆகிய நால்வரும் அவரைவிட அதிகம் வாங்கினார்கள். அணி செலவிடும் சம்பளத்துக்கு அங்கே உச்சவரம்பு உண்டு. கரிக்குக் கொடுக்காமல் மிச்சமான பணம் மற்றவர்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள உதவியது. 2016இல் உச்சவரம்பு ஒரே தாவலில் உயர்ந்தபோது கெவின் டுராண்டையும் கூட்டிவர முடிந்தது. ஆக, கணுக்கால் நொறுங்கியதால் விலை குறைந்தது, விலை குறைந்ததால் நல்ல தோழர்கள் வந்தார்கள், தோழர்கள் வந்ததால் அவர் எறிய இடம் கிடைத்தது. காயம் அவர் எறிதலைக் கெடுத்ததா, வளர்த்ததா என்று இனி எந்தக் கணக்குப்பிள்ளை பிரித்துச் சொல்வார்?

‘எறிய இடம்’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போகட் போன்ற பெரிய உடம்புக்காரர் ஓடிவந்து, கரியைத் துரத்துகிறவனின் வழியில் சுவர்போல நிற்பார். இதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். அந்தச் சுவரில் முட்டிக்கொண்டவன் சுற்றி வருவதற்குள் அரை விநாடி கிடைக்கும். கரிக்கு அரை விநாடி போதும். (அந்தச் சுவர்களில் சில விதிக்குள் அடங்காதவை என்று எதிரணிகள் புலம்பியதுண்டு. நடுவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, நல்லவேளை.) புத்தகத்தில் கூடை போட்டவருக்குக் கட்டம் உண்டு. பந்தைக் கொடுத்தவருக்கும் உண்டு. சுவராக நின்றவருக்குப் பல காலம் கட்டமே இருந்ததில்லை.

இதற்கு உச்ச உதாரணம் தாம்ப்சன். 2016 டிசம்பர் 5 அன்று இந்தியானாவுக்கு எதிராக 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தரையில் தட்டியது பதினோரு தடவை. பந்து அவர் கையில் இருந்த நேரம், எல்லாம் சேர்த்து, சுமார் ஒன்றரை நிமிடம். மிச்ச வேலை முழுவதும் மற்றவர்கள் செய்து முடித்திருந்தார்கள். 60 என்ற எண் அவர் பெயரில் நிற்கிறது. நிற்கட்டும், அந்தக் கை அவருடையதுதான்.

2019 இறுதிச்சுற்றில் ஐந்தாம் ஆட்டத்தில் டுராண்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறாம் ஆட்டத்தில் தாம்ப்சனின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதற்கு முன்பே, அதே தொடரில் இந்த இருவரும் வேறு காயங்களால் வெளியே இருந்த நேரத்தில், டொராண்டோ அணி ஒரு பழைய பள்ளிக்கூடத் தந்திரத்தை எடுத்தது. நான்கு பேர் சதுரமாக நிற்க, ஐந்தாமவன் கரியின் நிழலாக ஒட்டிக்கொள்வது. உலக அளவில் யாரும் கையாளக் கூச்சப்படுகிற உத்தி. மற்றவர்கள் எறிந்தாலும் விழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அதைச் செய்ய முடியும். அடிபட்டவர்கள் இரண்டு பேர், ஆனால் நெருக்கம் வந்து விழுந்தது மூன்றாமவர் மேல்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். தோழர் இல்லாவிட்டால் எண் சரியும் என்பது நேர்க்கணக்கு அல்ல. 2020–21 பருவம் முழுக்கத் தாம்ப்சன் இல்லை, இம்முறை குதிகால் தசைநாண். கரியோ ஆட்டத்துக்குச் சராசரி 32 புள்ளி எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தார். தூரத்துப் பந்துகளில் 42.1 சதவீதம் விழுந்தன. தாம்ப்சன் 941 நாட்களுக்குப் பின் 2022 ஜனவரியில் திரும்பி வந்த பருவத்திலோ கரியின் சதவீதம் 38. எண்ணை மட்டும் படிக்கிறவர் தோழர் இல்லாததே நல்லது என்று தீர்ப்பெழுதலாம். ஆனால் 32 புள்ளிப் பருவத்தில் அணி பிளே-ஆஃப் சுற்றுக்குள்ளேயே நுழையவில்லை, 38 சதவீதப் பருவத்தில் கோப்பை வென்றது. ஒரு ஆள் தன்னந்தனியாக எவ்வளவு அழகாகத் தோற்க முடியும் என்பதற்கு அந்த 32 ஒரு சான்று.

தாம்ப்சனுக்கு எறிதல் திரும்பி வந்தது. 2022–23இல் 301 மூன்று புள்ளிப் பந்துகள் போட்டு லீக்கில் முதலிடம் பிடித்தார். திரும்பி வராதது வேறொன்று. காயத்துக்கு முன் எதிரணியின் வேகமான ஆளைப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து மடக்கும் கால்கள் அவருக்கு இருந்தன. 2019இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் பட்டியலில் இடம் பெற்றார். அதன் பின் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காயம் கையை விட்டுவிட்டு, யாரும் கைதட்டாத வேலையை எடுத்துக்கொண்டு போனது. அந்த வேலையை மற்ற நால்வரும் பங்குபோட்டுச் செய்தார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இணையான வாழ்க்கை கூடைப்பந்தில் இல்லை, கிரிக்கெட்டில் இருக்கிறது. கல்வராயன் மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, மறுபக்கம் சேலம் மாவட்டத்தில் இறங்குகிறது. அந்தச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர் நடராஜன். 2020 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பந்துவீச்சாளராகப் போனார். சக வீரர்களுக்கு அடிமேல் அடி விழ, ஒவ்வொரு இடமாகக் காலியாகி, ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் டெஸ்ட். பும்ரா இல்லை, அஸ்வின் இல்லை, ஜடேஜா இல்லை, ஷமியும் உமேஷும் முன்பே ஊர் திரும்பிவிட்டார்கள். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். இந்தியா அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் முப்பத்திரண்டு ஆண்டுத் தோல்வியின்மையை முடித்து வைத்தது. அடுத்து மார்ச் மாதம் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் கடைசி ஓவரில் 14 ரன் கொடுக்காமல் காத்தார். ஏப்ரலில் முழங்கால் அறுவை. சக வீரர்களின் காயம் திறந்துவிட்ட கதவைத் தன் காயமே சாத்தியது. சட்டை முதுகில் தன் பெயரோடு, தன்னை வளர்த்தெடுத்த வழிகாட்டி ஜெயப்பிரகாஷின் ‘ஜே.பி.’ என்ற எழுத்துகளையும் போட்டுக்கொண்டு ஆடியவர் அவர். ஸ்கோர் புத்தகம் செய்யாததைச் சட்டையில் செய்துகொண்டார்.

கூடைப்பந்தில் தமிழ்நாட்டுக்கு அனிதா பால்துரை இருக்கிறார். எட்டு ஆண்டுகள் இந்திய மகளிர் அணியின் தலைவி, 2021இல் பத்மஸ்ரீ. அத்தனை ஆண்டுகள் அவருக்குப் பந்து கொடுத்த கைகளில் இரண்டு பேரின் பெயரையாவது உடனே சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் கபடிதான் ஊர் விளையாட்டு. அதில் ஒரு அறிவுள்ள விதி இருக்கிறது. ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்தவன் தன் திறமையால் உள்ளே வர முடியாது. கூட ஆடுகிறவன் எடுக்கும் புள்ளிதான் அவனைக் கூட்டிவரும். களத்துக்கு வெளியே காயம்பட்டவனுக்கு இப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. சிமெண்ட் தரையில் குதித்து ஒரு பையனுக்குக் கணுக்கால் புரண்டால், முதலில் ‘சுளுக்குதான், வழிச்சு விட்டா சரியாப்போகும்’ என்பார்கள். வீங்கினால் புத்தூர் கட்டு. கட்டைப் பிரித்த மறுநாளே மைதானம். ஒருமுறை புரண்ட கணுக்கால் மறுபடி புரள எளிது என்பதும், கட்டு பிரித்த பிறகுதான் உண்மையான பயிற்சி தொடங்க வேண்டும் என்பதும் மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. அந்தப் பயிற்சியைக் கொடுக்கும் ஆள் ஊரில் இருக்க வேண்டுமே. “ஓரமா நின்னு பந்து மட்டும் போடுடா” என்கிற பி.இ.டி. சாரின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரமாக நின்றாலும் பந்து கணுக்காலிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

மலைமேல் இன்னும் கடினம். வெள்ளிமலையைச் சுற்றிய மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. “மலையில ஏறி இறங்குற பசங்க சார், மூச்சு பயங்கரமா இருக்கும்” என்று கீழே இருப்பவர்கள் அவர்களைப் புகழ்வார்கள். புகழ்ச்சிக்குச் செலவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கிய பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. அங்கே முன்னுக்கு வந்த கேள்விகளில் ஒன்று சாலை. சாலை எட்டாத ஊரில் நடக்க முடியாதவரைத் தூளி கட்டித் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஒருவர் கால் போனால் குறைந்தது நான்கு பேரின் கால் தேவைப்படுகிறது என்பதை மலை ஸ்கோர் புத்தகம் இல்லாமலே அறிந்திருக்கிறது. சிறுவங்கூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி கீழே காத்திருக்கிறது. அதன் படியேறும்வரை உள்ள தூரம் அந்த நால்வருடையது.

மாவட்ட அணிக்கு ஆளெடுக்கும் நாளில் நடப்பது எளிது. வருகிற பிள்ளைகளை எறியச் சொல்கிறார்கள், விழுந்ததை எண்ணுகிறார்கள். பன்னிரண்டு பேர் வேண்டும், அரை நாள்தான் இருக்கிறது, வேறு எப்படிச் செய்வது என்று கேட்டால் என்னிடமும் நல்ல பதில் இல்லை. முந்தின வாரம் கால் பிசகியவன் ஆறில் ஒன்று போட்டுவிட்டு இறங்குகிறான். மூன்று வருஷமாக அவனுக்கு ஸ்க்ரீன் வைத்தே பழகிய அவன் கூட்டாளிக்கு எறியவே அவ்வளவாக வராது. இரண்டு பெயரும் பட்டியலில் வராது. மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில், தேர்வானவர்களின் படத்துக்குக் கீழே, இடமிருந்து வலமாக, பன்னிரண்டு பெயர்கள் பிழையில்லாமல் வந்திருக்கும்.