செலொப்பியாத்தின் குமாரத்திகள்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அதனால் மிகுதியாகத் துயருற்ற மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மலை சரிந்தபோது கிராமமென்றும் தோட்டமென்றும் பேதம் பார்க்கவில்லை; பேதம் பின்னரே வந்தது. வீடிழந்தோர் மீண்டும் வீடு கட்டுவதைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன், காணி உறுதி உள்ளவன் ஒரு பக்கமும், பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தும் ஒரு பேர்ச்சஸ் மண்கூடத் தன் பெயரில் இல்லாத தோட்டத் தொழிலாளி மறுபக்கமுமாக மக்கள் பிரிந்து நின்றனர். அவ்வேளையில்தான், இம்மக்கள் மலையையே விட்டு வடக்கிலோ கிழக்கிலோ குடியேறினால் என்ன என்ற யோசனையும் நல்லெண்ணம் படைத்தோர் சிலரால் முன்வைக்கப்பட்டது. ஒரு நிலத்தைத் தம் உழைப்பால் நிலமாக்கிய மக்களை, அபாயம் கருதி அதிலிருந்து அனுப்பிவிடுவது தர்மமாகுமா? ஆகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இஸ்ரவேலர் எகிப்தினின்று புறப்பட்டு வனாந்தரத்தில் அலைந்த சரித்திரத்தை மலையகத்துத் தேவாலயங்கள் நன்கறியும். 1854ஆம் ஆண்டிலேயே இத்தோட்டங்களில் ஊழியஞ் செய்யத் தமிழ் கூலி மிஷன் தொடங்கப்பட்டது என்றால், அச்சரித்திரம் இங்கு எத்தனை தலைமுறைகளாகப் பிரசங்கிக்கப்பட்டு வருகிறதென்பது விளங்கும். ஆயினும், அதனினின்று பெறப்படும் பாடம் பெரும்பாலும் பொறுமை ஒன்றே: முறுமுறுத்தவர்கள் அழிந்தார்கள், ஆகவே முறுமுறுக்காதீர்கள் என்பது. யாத்திராகமத்தையும் எண்ணாகமத்தையும் நிதானமாக வாசிப்போர்க்கு வேறொன்று புலப்படும். பசியால் எழுந்த முறுமுறுப்புக்கு மன்னா பொழிந்தது. தாகத்தால் எழுந்த முறுமுறுப்புக்குக் கன்மலை பிளந்து நீர் சுரந்தது. கானானுக்குள் பிரவேசிக்க அஞ்சி எகிப்துக்கே திரும்புவோம் என்று சொன்னபோதுதான், அந்தத் தலைமுறை நாற்பது ஆண்டு அலையும்படி தண்டிக்கப்பட்டது. பசித்தவனின் கூக்குரலைப் பாவமென்று சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் தேடுவோர் வீணே தேடுகின்றனர்.

தோட்டத் தொழிலாளராகக் கண்டிச் சீமைக்கு வந்தவர்களின் வனாந்தரம் அதனினும் கொடியது. கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகவே வந்தவர்களில் பேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரவர். நாற்பது ஆண்டு நடந்தும் இஸ்ரவேலரின் கால்கள் வீங்கவில்லை என்கிறது உபாகமம். இவர்களுடைய கால்களைப் பற்றி எழுதிவைக்க எந்த ஆகமமும் இல்லை. அவர்களுக்கு மேகஸ்தம்பமும் அக்கினிஸ்தம்பமும் முன்சென்றன. இவர்களுக்கு முன்சென்றது கங்காணியும் அவன் கடன்கணக்குமே. 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்த ஏக்கர்களை வெட்டித் திருத்திய கைகளின் பெயர்களைச் சொல்லமாட்டா.

வனாந்தரத்தில் அளிக்கப்பட்ட நியமங்களை நோக்குவோம். மன்னாவை மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. பதுக்கி வைத்ததோ புழுத்து நாறியது. கூலிக்காரனின் கூலியை அன்று பொழுது சாயுமுன் கொடு என்கிறது உபாகமம். அந்நியனை உன்னைப்போல நேசி, எகிப்தில் நீயும் அந்நியனாயிருந்தாய் என்கிறது லேவியராகமம். நம் முன்னோரும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. கொடுங்கோன்மையைப் பற்றிப் பேசும் வள்ளுவர், வாட்டப்பட்ட குடிகளின் விழிநீரையே அரசின் வளத்தை அரிக்கும் ஆயுதமாகக் கண்டார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் உரைத்த அறமும் அதுவே: அளவறிந்து வாங்காத அரசு, விளைவயலுள் தானே புகுந்து உண்பதைக் காட்டிலும் மிதித்துக் கெடுப்பதே அதிகமான யானையை ஒக்கும். எருசலேமும் மதுரையும் ஒருமித்துச் சொல்லும் ஒன்றைக் கொழும்பு கேளாதிருப்பது விந்தை.

கேளாதிருந்ததற்குச் சரித்திரமே சாட்சி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இத்தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை எண்ணிக்கையால் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிக்கலாம் என்றும் வைத்துவிட்டது. அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக் கொழுந்தே பறித்தார்கள், அங்கே சிலோன்காரர் என்ற பெயரையும் சுமந்தார்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களைச் சில ஆண்டுகளுக்குள் யுத்தம் தேடி வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், தோட்டக் காணிகள் பிறருக்குப் பங்கிடப்படுவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தான். பிரயாணம் போ என்று இம்மக்களுக்குச் சொல்லப்பட்டது இது முதல் முறையன்று. வடக்கும் கிழக்கும் அன்போடு அழைத்தாலும், அன்பான அழைப்பு நியாயமான பங்குக்கு ஈடாகாது. விரும்பிப் போகிறவனைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. போவதையன்றி வேறு வழியில்லாமற் செய்துவிட்டு அதனை விருப்பமென்று அழைப்பதுதான் குற்றம்.

சரியக்கூடிய மலையில் மக்களை இருத்துவது கருணையாகுமா என்ற ஆட்சேபம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஆபத்தான சரிவில் லயங்களைக் கட்டியவர்கள் அவற்றில் குடியிருந்தவர்களல்லர். ஆபத்தில்லாத இடம் அதே தோட்டங்களுக்குள் கிடைக்குமாயின், அதைத் தேயிலைக்கென ஒதுக்கி, மனிதரை மாவட்டம் விட்டுப் போகச் சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

எண்ணாகமத்தின் இருபத்தேழாம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இறந்துபோன செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்போர், ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் யாவருக்கும் முன்பாக வந்து நின்று, தகப்பனுக்குப் புத்திரன் இல்லாததினால் அவன் நாமம் அற்றுப்போவதேன், எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்டார்கள். கானான் இன்னும் கைக்கு வரவில்லை; அளக்கப்படாத நிலத்துக்கு அவர்கள் பங்கு கேட்டார்கள். அவர்களை முறுமுறுப்போர் என்று கடவுள் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் கேட்டது நியாயமென்று தீர்த்து, அதனைச் சட்டமாகவும் ஆக்கினார். தெல்தோட்டையிலும் ஹேவாஹெட்டவிலும் கொழுந்துக் கூடையைச் சுமந்து நிற்கும் பெண்களின் தகப்பன்மாரும் வனாந்தரத்திலேதான் மாண்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட வேண்டியது, நில ஆய்வாளர் பாதுகாப்பானதென்று குறித்த மேட்டில், தோட்டத்து எல்லைக்குள்ளேயே, வீடும் தோட்டமும் வைக்கப் போதுமான காணி. அதன் உறுதியில் கணவனின் பெயரோடு மனைவியின் பெயரும் இருக்க வேண்டும்.