சாவித்திரி பார்த்த காடு

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளை ஓராண்டில் விடியற்காலையில் வரும், மற்றோராண்டில் நள்ளிரவில் வரும். மார்ச் 14-ஐ ஒட்டி வரும் காரடையான் நோன்புக்காகப் பஞ்சாங்கமும் கையுமாகக் காத்திருக்கும் வீடுகளில், வறுத்த அரிசி மாவு, காராமணி, வெல்லம், தேங்காய் சேர்த்துத் தட்டிய அடைகள் ஆவியில் வெந்துகொண்டிருக்கும். இலையில் அடையும் உருகாத வெண்ணெயும் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, பெண்கள் கணவரின் ஆயுளுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். அந்த வேண்டுதலின் வேர் சாவித்திரி கதையில் இருக்கிறது.

வியாச பாரதத்தின் வனபர்வத்தில் அந்தக் கதையை முழுதாகப் படிப்பவர்களுக்கு, நோன்பு ஒருவரின் ஆயுளோடு நின்றுவிடவில்லை என்பது தெரியும். ஒரு வீடும் ஒரு காடும் சேர்ந்தே அதற்குள் இருக்கின்றன.

மத்திர நாட்டு இளவரசி சாவித்திரி தானே தேடித் தேர்ந்த கணவன் சத்தியவான். கண்ணையும் நாட்டையும் இழந்து காட்டில் வாழும் த்யுமத்சேனரின் மகன். அவனுக்கு இன்னும் ஓராண்டே ஆயுள் என்று நாரதர் சொன்ன பிறகும் அவள் மனம் மாறவில்லை. நகைகளைக் கழற்றிவிட்டு மரவுரி உடுத்தினாள். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்தாள். நாட்களை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வாய் திறவாமல் இருந்தாள்.

கடைசி நாளில், மூன்று நாள் உபவாசம் இருந்த உடம்போடு, விறகு வெட்டக் கிளம்பிய கணவனுடன் தானும் வருவதாகச் சொல்கிறாள். பெரியவர்களிடம் அவள் சொன்ன காரணம் அழகானது: இங்கே வந்து ஓராண்டு ஆகப்போகிறது, ஆசிரமத்தை விட்டு வெளியே போனதில்லை, பூத்த காட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மருமகளாக வந்த நாள் முதல் இவள் எதுவும் கேட்டதே இல்லையே என்று மாமனார் நெகிழ்ந்து விடை கொடுக்கிறார். வழி நெடுக ஆறுகளையும் பூமரங்களையும் சத்தியவான் காட்டிக்கொண்டே போகிறான். அவள் பார்க்கிறாள், நெஞ்சின் மறுபாதி அவன் மேலேயே இருக்கிறது. யமன் வரும் இடத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் நடந்த இந்த நடையையும் போற்ற வேண்டும். வரப்போகும் துக்கத்தை அறிந்தவள், கணவன் ஆசையோடு காட்டிய மரங்களை முகம் சுளிக்காமல் பார்த்தாளே, அதுவே பெரிய தவம்.

நோன்பு வரும் இதே நாட்களில் தமிழ்நாட்டு வேம்பும் புங்கும் அரசும் இலை மாற்றுகின்றன. காலையும் மாலையும் வாசலைப் பெருக்கினாலும் வேப்பஞ்சருகு தீராது. அந்தச் சருகு விழுவதற்கு முன் மரத்தில் ஒரு பெரிய காரியம் நடந்து முடிந்திருக்கிறது. பழுக்கும் இலை தன்னிடமுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் கணிசமான பங்கைக் கிளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. செம்பு நிறத்தில் வரும் தளிருக்கு அந்தச் சத்தும் உணவாகிறது. வீட்டுப் பெரியவர்கள் தங்கள் உழைப்பையெல்லாம் பிள்ளைகளுக்குள் இறக்கிவைத்துவிட்டுத் தளர்வது போலத்தான் இது. தளர்ந்தவர்களுக்குத் தான் பட்ட கடனைச் சாவித்திரி மறக்கவில்லை. அவள் கேட்ட வரங்களின் வரிசையே சாட்சி.

சத்தியவானின் உயிரைக் கொண்டுபோன யமனைச் சாவித்திரி பின்தொடர்ந்தாள். அந்த உயிரைத் தவிர வேறெது வேண்டுமானாலும் கேள் என்று யமன் சொன்னபோது, முதலில் மாமனாரின் கண்பார்வையைக் கேட்டாள். அடுத்து, அவர் இழந்த நாடு. மூன்றாவதாக, ஆண் வாரிசில்லாத தன் தந்தைக்கு நூறு பிள்ளைகள். அதன் பிறகே தனக்கு மக்கட்பேறு. கடைசியில்தான் கணவனின் உயிர். மனைவி கணவனுக்காக இருக்கும் விரதம் என்று மட்டும் இந்த நோன்பைச் சொல்வது, கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுவதாகும்.

உயிர் பெற்று எழுந்த சத்தியவானின் கவலையும் பெற்றோரைப் பற்றியதே. இருட்டிவிட்டது, தேடித் தவிப்பார்களே என்று அழுகிறான். சாவித்திரி பழக்கூடையைக் கிளையில் மாட்டிவிட்டு, கோடரியைத் தான் எடுத்துக்கொண்டு, அவன் கையைத் தன் தோளில் போட்டு நடத்திக் கூட்டி வருகிறாள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அடையாளமாகப் பாரதம் சொல்வது பலாசத் தோப்பு. நம் ஊரில் அதுவே புரசு. மாசி பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்த கிளைகளில் செம்மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் மரம். சென்னை புரசைவாக்கம் கங்காதரேசுவரர் கோயிலின் தல மரமும் அதுதான். அந்தத் தோப்பில் வடக்கே போகும் வழியைப் பிடித்து இருவரும் விரைகிறார்கள்.

த்யுமத்சேனருக்கு அதற்குள் பார்வை திரும்பியிருந்தது. அதை எண்ணி மகிழ்ந்து உட்கார அவரால் முடியவில்லை. மனைவி சைப்யையுடன் ஆசிரமம் ஆசிரமமாக, ஆற்றங்கரைகளிலும் காட்டிலும், முள்ளும் தர்ப்பையும் குத்திக் கால்களில் ரத்தம் கசிய, பிள்ளையைத் தேடி அலைந்தார். மீண்டு வந்த கண்கள் செய்த முதல் வேலை அது. சாவித்திரியும் சத்தியவானும் வந்து சேர்ந்ததும் முனிவர்கள் சுற்றி அமர்ந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று விசாரித்தார்கள். ஓராண்டாகத் தனக்குள்ளேயே பூட்டிவைத்திருந்த நாரதர் வாக்கைச் சாவித்திரி அன்றிரவுதான் வீட்டாருக்குச் சொன்னாள்.