யன்னற்சீலை

2013 டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை. இரவு ஏழரை மணியிருக்கும். ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் நாள் கறண்ட் வந்தது. பிரிட்ஜ் உறுமியது. மைக்ரோவேவ் கீச்சிட்டது. பேஸ்மென்றில் ஃபேர்னஸ் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. மூன்று கம்பளிக்குள் சுருண்டு கிடந்த மகள் குதித்து எழும்பினாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். அந்தக் கலகலப்புக்கு நடுவில் நான் செய்த முதல் வேலை, முன்னறைக்குப் போய் யன்னற்சீலையை இழுத்து மூடியது.

ஏன் மூடினேன் என்பதுதான் கேள்வி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். குளிர் நாட்டில் இரவானால் சீலையை மூடாமல் வேறென்ன செய்வது என்பார்கள். ஆனால் மூடுவதற்கு முன் ஒரு கணம் வெளியே பார்த்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம். நேர் எதிர்வீடு ஒன்றுதான் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு ரோர்ச் லைற் எரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்க, அது இரண்டு தரம் மேலே எழுந்து கீழே இறங்கியது. என் கை அப்போது சீலையைப் பிடித்திருந்தது. இழுத்துவிட்டேன்.

அந்த வார இறுதியில் பெய்தது பனி அல்ல, மழை. பனிக்கு நாங்கள் பழகிவிட்டோம். இது வேறு சாமான். மேலே காற்று சற்றுச் சூடு, தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்குக் கீழே. மழை மழையாகவே இறங்கி, தொட்ட இடத்தில் கண்ணாடியாகிவிடும். ஞாயிறு விடிய எழும்பிப் பார்த்தால் ஒவ்வொரு சுள்ளிக்கும் யாரோ கண்ணாடி உறை தைத்துப் போட்டதுபோல இருந்தது. பார்க்க வடிவு. அந்த வடிவின் பாரம் தாங்காமல் மரங்கள் முறியும் சத்தம் இரவெல்லாம் வெடிச்சத்தம் போலக் கேட்டது; அம்மா இரண்டு தரம் எழும்பி உட்கார்ந்தார். கிளைகள் விழுந்தது கம்பிகளின் மேல். ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 300,000 இணைப்புகள் போயின. ஓர் இணைப்பு என்றால் ஒரு வீடாகவும் இருக்கலாம், ஒரு முழு மாடிக் கட்டடமாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் சூடேற்றுவது எரிவாயு. கறண்ட் போனால் என்ன என்று நினைத்திருந்தேன். சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும், அதை முடுக்கிவிடும் சுவர்ப்பெட்டியும் கறண்டில்தான் ஓடுகின்றன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. திங்கட்கிழமை குசினியில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழவில்லை. மெழுகுபோல வெள்ளையாக இறுகிக் கிடந்தது. அம்மா நல்லெண்ணெயை எடுத்துச் சிட்டியில் விட்டுத் திரி போட்டார். எரிவாயு அடுப்பை நெருப்புக்குச்சியால் மூட்டி அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்காரப் பார்த்தார். நச்சுவாயு சேரும், விடிய எழும்பமாட்டோம் என்று நான் கத்தினேன். "யாழ்ப்பாணத்தில அஞ்சு வருசம் கறண்ட் இல்லாமல் இருந்தனாங்கள், எழும்பினனாங்கள்தானே" என்றார் அம்மா. அங்கே யன்னலுக்குக் கண்ணாடியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

எதிர்வீட்டில் இருந்தது ஒரு கிழவரும் மனைவியும். அவர்களுக்கு மின் அடுப்பு. அதனால் ஒரு கோப்பை தேத்தண்ணிக்கும் வழியில்லை. திங்கட்கிழமை காலையில் கிழவர் பனிச்சறுக்கில் விழாமல் ஆடி அசைந்து தெருவைக் கடந்து வந்து நாலு மெழுகுதிரி தந்தார். அம்மா இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியைப் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தார். பின்னேரம் பிளாஸ்க் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, உள்ளே ஒரு பிடி சொக்லேற். அம்மா மீண்டும் நிரப்பினார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் வாசலில் நின்று வானத்தைக் காட்டித் தலையாட்டிக்கொண்டார்கள். ஆறு வருடம் எதிரெதிரே இருந்தும் கையசைப்பதோடு நின்ற பழக்கம் ஒன்றரை நாளில் இவ்வளவு தூரம் வந்திருந்தது.

அவர் வீட்டுக்கு மட்டும் ஏன் கறண்ட் வரவில்லை என்றால், கிளை அவருடைய வீட்டுச் சுவரோடு நிமிர்ந்து நிற்கும் இரும்புக் குழாயையே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. தெருக்கம்பி வீட்டுக்குள் இறங்கும் குழாய் அது. கம்பி மின்சாரக் கம்பெனியின் பொறுப்பு, குழாய் வீட்டுக்காரரின் பொறுப்பு. உரிமம் உள்ள ஒரு மின்வேலைக்காரரைப் பிடித்து அதைத் திருத்தி, பரிசோதகர் வந்து சரியென்று சொன்ன பிறகுதான் கம்பெனி கம்பியை மாட்டும். நத்தாருக்கு முதல்நாள் இரவு, நகரமே தேடிக்கொண்டிருக்கும் மின்வேலைக்காரரை எங்கே பிடிப்பது? இதெல்லாம் எனக்குத் தெரியும். கிழவர் திங்கட்கிழமையே சொல்லியிருந்தார். ஆகவே சீலையை இழுக்கும்போது, அந்த வீடு அன்றிரவும் அடுத்த இரவும் இருட்டாகத்தான் இருக்கப்போகிறது என்று தெரிந்துதான் இழுத்தேன்.

வெளிச்சம் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நினைத்திருக்கலாம். பசித்தவன் முன்னால் உண்ணாதே என்று வளர்த்த வீட்டில் வளர்ந்தவன் நான். அப்படியானால் அது ஒரு மரியாதை. ஆனால் பசித்தவன் முன்னால் உண்ணாதே என்றால் அவனுக்கும் ஒரு கோப்பையை எடு என்றுதான் பொருளே தவிர, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உண் என்று பொருளா? நாங்கள் இரண்டாவதைத்தான் மரியாதை என்று பழகிவைத்திருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றது. 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரே வலிகாமத்தைவிட்டு எழும்பி நடக்கும்வரை எங்கள் வீட்டில் அது திரும்பவில்லை. பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. படிப்பது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சில சொட்டு மண்ணெண்ணெய், நடுவே சைக்கிள் வால்வுக் குழாயில் ஒரு நூல் திரி. போத்தலே சிமிலி. சுடர் ஒரு நெல்மணி அளவுதான். புத்தகத்தில் ஒரு வரிக்கு வெளிச்சம் விழும், அடுத்த வரிக்குப் போத்தலை நகர்த்தவேண்டும். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம்; டைனமோவில் றேடியோ பாடும். கை ஓய்ந்தால் தமிழோசையும் ஓயும்.

இதைச் சொன்னால் எல்லோரும் கஷ்டம் என்கிறார்கள். கஷ்டந்தான். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது, எல்லா வீடும் ஒரே அளவுக்கு இருட்டாக இருந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. யாரும் யாரையும் பார்த்து ஏங்கவில்லை.

ஒருதரம் தவிர. சின்ன மாமா கிளாலிக் கடல் தாண்டி வந்தபோது இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். அம்மா அதை நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தார். அன்றிரவு எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு விளக்கு. அம்மா தன் பழைய சீலையொன்றை இரண்டாக மடித்து யன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டு இழுத்து மூடினார். "வெளிச்சம் வெளியில தெரியப்படாது" என்றார். பொம்பர் வந்தால் வெளிச்சம் தெரியக்கூடாது என்பது ஊர் முழுக்க உள்ள சட்டம், அதனால் நான் அதைப்பற்றி யோசிக்கவில்லை. அடுத்தநாள் பின்வீட்டு ஆச்சி வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "பிள்ளை, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இருக்கோ?" என்று கேட்டார். "இல்லையணை ஆச்சி" என்றார் அம்மா. அன்றைக்குப் பின்னேரம் அதே அம்மா ஆச்சிக்கு ஒரு கோப்பை புட்டுக் கொடுத்துவிட்டார், நான்தான் கொண்டுபோனேன். புட்டைக் கொடுக்கும்போது ஆச்சி என் முகத்தையே பார்த்தார். எனக்கு மண்ணெண்ணெய் மணக்கிறதோ என்று பயமாக இருந்தது.

அந்தச் சீலை மேலே பறப்பவனுக்கா, பக்கத்து வீட்டுக்கா? அம்மாவிடம் நான் கேட்டதில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு போத்தல் எண்ணெயை எத்தனை மாதத்துக்கு இழுக்கலாம் என்று கணக்குப் பார்த்த ஒரு பெண்ணிடம் இப்படிக் கேள்வி கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி? அவர் கணக்கு எனக்கு விளங்குகிறது. என்னுடையதுதான் விளங்கவில்லை. சுவரில் செருகினால் வருகிற கறண்டை நான் எந்த நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தேன்?

காகத்தைப் பற்றிய ஒரு குறள் அந்த நாட்களில் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காகம் கிடைத்ததை மறைக்காது, கரைந்து கூட்டத்தைக் கூப்பிட்டு உண்ணும் என்று சொல்வது. அது விருந்தோம்பல் அதிகாரத்தில் இருக்கிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் சுற்றந்தழால், 527. விருந்தாளிக்கு அல்ல, சுற்றத்தாருக்கு. முதலில் எனக்கு அது ஒரு விடுதலைபோல இருந்தது. காகம் தன் இனத்தைத்தானே கூப்பிடுகிறது, எதிர்வீட்டுக் கிழவர் எனக்கு என்ன முறை? ஆனால் பிளாஸ்க் தெருவைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தபோது யாரும் முறை பார்க்கவில்லை. செவ்வாய் இரவு ஏழரை மணிவரை சுற்றம், ஏழு முப்பத்தொன்றுக்கு இல்லை என்று ஆகிவிடுமா? வள்ளுவரின் காகத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதற்குச் சுற்றம் யார் என்பது காலையிலும் இரவிலும் ஒன்றுதான்.

கறண்டைப் பகிர்வது சோற்றைப் பகிர்வதுபோல அல்ல என்றும் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அவர்களுடைய ஃபேர்னஸை ஒரு வயரால் ஓட்டமுடியாது, அது சுவருக்குள் நிரந்தரமாகப் பொருத்தியது. வயர் இழுத்தால் ஒரு சிறிய மின்சூடேற்றியைத்தான் போடலாம், அது 1,500 வாற்ஸ். இங்கத்தைய சாதாரண மின்சுற்று ஒன்று 15 அம்பியர், 120 வோல்ற், மொத்தம் 1,800. தெருவுக்குக் குறுக்கே போகிற நீளத்துக்குத் தடித்த வயர் வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி உருகும். பனி தள்ளுகிற வாகனம் வயரை அறுத்துவிடும். எல்லாம் சரியான கணக்கு. ஆனால் இந்தக் கணக்கை நான் போட்டது அடுத்த வாரம். சீலையை இழுக்கும்போது என் தலைக்குள் ஒரு அம்பியரும் இருக்கவில்லை. தவிர, வயரே தேவையில்லை. எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வாருங்கள் என்று சொல்ல எத்தனை வாற்ஸ் வேண்டும்?

அன்றிரவு பதினொரு மணிபோலக் குப்பை கொண்டுபோய்ப் போட வெளியே வந்தேன். குளிர் உறைநிலைக்குப் பத்துப் பாகைக்கும் கீழே. அப்போதுதான் பார்த்தேன். மகளுக்காக முன்வாசல் கம்பியில் நான் சுற்றிவிட்டிருந்த நத்தார் லைற்றுகள் எரிந்துகொண்டிருந்தன. மூன்று நாள் முன் செருகியதைக் கழற்ற மறந்திருந்தேன். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. சீலையை மூடி நான் மறைத்த வெளிச்சம், மூன்றரை மணி நேரமாக எதிர்வீட்டு யன்னலைப் பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகு, இப்போது பிடுங்கியதையும் பார்த்திருப்பார்களோ என்று நின்றேன். ரோர்ச் இல்லை. யன்னல் கறுப்பாக இருந்தது.

நத்தார் காலையில் போனேன். கார் இல்லை. வாசலில் இரண்டு பேரின் காலடியும் ஒரு பெட்டி இழுத்த கோடும் இருந்தன. மகள் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். இரவிலேயே போனார்களா, விடியப் போனார்களா என்று காலடியைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்தநாள் கடைக்குப் போய் முப்பது மீற்றர் செம்மஞ்சள் வயர் ஒன்று வாங்கினேன், இருட்டு வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தும். அது இன்னும் கராஜில், விலைச்சீட்டோடு, உறை பிரிக்காமல் தொங்குகிறது. புதுவருடத்துக்குப் பிறகு திரும்பி வந்த கிழவர் கையசைத்தார். நானும் அசைத்தேன். உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதைப் பார்த்தோம், நல்லது என்றார். எப்போது பார்த்தார், எதைப் பார்த்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு பிளாஸ்க் தெருவைக் கடக்கவில்லை. இரண்டு வருடத்தில் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

ரோர்ச் இரண்டு தரம் எழுந்து இறங்கியது. கையசைத்தாரா, கூப்பிட்டாரா, எதையாவது தேடிக்கொண்டிருந்தாரா? மேசைக்கடியில் விழுந்த மாத்திரையைத் தேடினாலும் ரோர்ச் அப்படித்தான் ஆடும்.

இதை எழுத முன்னம் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு நீங்கள்தானே சீலையை இழுத்துவிடச் சொன்னது என்று. "நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் குசினிக்குள்ள நிண்டனான். நீயாத்தான் ஓடிப் போனனி" என்றார். சரி என்று மனைவியிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்னறைக்குச் சீலை வாங்கியது 2014 கோடையில் அல்லவா என்றாள். அதற்கு முன் அங்கே இருந்தது வெள்ளைப் பிளாஸ்ரிக் பட்டிகள், கயிற்றைத் திருகினால் மூடுவது. பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தும் காட்டினாள். மகளின் பிறந்தநாள். பின்னால் யன்னல். பட்டிகள்தான்.

ஆனால் என் உள்ளங்கைக்குத் துணி ஞாபகம் இருக்கிறது. பலதரம் தோய்த்துத் தோய்த்து மெலிந்த பருத்தி, கரையில் தடித்த நூல்.