தாழம்பூவின் சாட்சி

சிவபூஜைக்குத் தாழம்பூ ஆகாது. ஏன் என்று எங்கள் திருவண்ணாமலையில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஜோதியாக நின்ற சிவனின் அடியைத் தேடி விஷ்ணு பன்றியாகத் தோண்டிப் போனார்; முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாகப் பறந்தார். காணவில்லை என்று விஷ்ணு ஒப்புக்கொண்டார். பிரம்மாவோ, முடியிலிருந்து நழுவி வந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, தான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லவைத்தார். பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போயிற்று. பூவுக்குப் பூஜை இல்லாமல் போயிற்று.

இந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்வது அந்தப் பொய்யின் அளவு. ஜோதி நின்றது நிஜம். அதற்கு முடி இருந்தது நிஜம். பூ அங்கிருந்து வந்ததும் நிஜம். 'இவர் பார்த்தார்' என்ற ஒன்றுதான் பொய். அதனால் ஜோதிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. பின் எதற்கு இத்தனை பெரிய தண்டனை?

ஸோவியத் டாகுமெண்டரிக்காரரான ரோமான் கார்மெனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. 1906-இல் ஒடெஸ்ஸாவில் பிறந்தவர். பத்திரிகைப் புகைப்படக்காரராக ஆரம்பித்து, மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் காமிரா படித்தார். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்ட ஸ்பெயினுக்குப் போனார். அடுத்து சீனா. பிறகு முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட், ஸ்டாலின்கிராட்டில் பிடிபட்ட ஃபீல்ட் மார்ஷல் பௌலஸின் விசாரணை, 1944-இல் மைதானெக் வதைமுகாம், 1945 மே மாதம் பெர்லினில் ஜெர்மானியர் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட அறை. பிற்பாடு இந்தியா, க்யூபா, சிலி. 1978-இல் இறந்தார். இருபதாம் நூற்றாண்டின் பல வாசல்களில் காமிராவோடு நின்றிருந்த மனிதர்.

அவருடைய தொழில் சாட்சி சொல்வதாகவும் இருந்தது. 1946 பிப்ரவரியில் ந்யூரம்பர்க் நீதிமன்றத்தில் நாஜிகளின் கொடுமைகளைக் காட்டும் ஸோவியத் படம் திரையிடப்பட்டது. எடுத்த காமிராக்காரர்களின் உறுதிமொழியும் கூடவே தாக்கலாயிற்று. அங்கே பிம்பம் தன் காலில் நிற்கவில்லை. 'நான் அங்கே இருந்தேன், எதையும் மாற்றவில்லை' என்ற ஒரு மனிதனின் சொல்லின் மேல் நின்றது. அந்த விசாரணையைப் பற்றியே கார்மென் ஒரு முழுநீளப் படமும் எடுத்தார்.

எட்டு வருஷம் கழித்து வியட்நாம். 1954 மே 7-ஆம் தேதி தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. கார்மென் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்துவிட்டிருந்தது. பிரெஞ்சுத் தளபதியின் பதுங்குகுழி மேல் வியட்நாம் வீரர்கள் கொடியை ஆட்டும் பிரசித்தமான காட்சி, அவருக்காகப் பிறகு நடத்தப்பட்டது. கைதிகள் நீண்ட வரிசையில் நடந்து போவதும் காமிராவுக்காகத்தான். உலகம் முழுவதும் வெகுகாலம் இவை நிகழ்ந்த கணத்தின் படங்களாகவே காட்டப்பட்டன.

கார்மெனுக்காக வாதாடுவது கஷ்டமில்லை. வெற்றி பொய்யில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள், கைதிகள் நிஜமான கைதிகள். கலைஞன் தருவது சாரத்தை, தேதியை அல்ல. ஐஸன்ஸ்டீனின் 'அக்டோபர்' படத்தில் குளிர்கால அரண்மனை தாக்கப்படுவதும் பத்து வருஷம் கழித்து நடித்ததுதானே? ஆனால் ஐஸன்ஸ்டீன் எடுத்தது கதைப்படம். 'நான் அங்கே இருந்தேன்' என்று அவர் சொல்லவில்லை. கார்மெனின் ஒவ்வொரு ஃப்ரேமும் அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. கொடியை ஆட்டியவன் தன் வெற்றியை நடித்தான்; அவனுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம். கைதி தன் தோல்வியை நடிக்கவைக்கப்பட்டான். பிடிபட்ட சுமார் 10,000 பேரில், சில மாதங்கள் கழித்து உயிரோடு திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அந்த உடம்புகள் ஏகாதிபத்தியத்துக்குச் சேவகம் செய்தவை என்பதால், அவற்றைக் காமிராவுக்காக நடக்கவைத்தது சரியாகிவிடாது.

ஸ்பெயின் போரைப் பற்றிப் படமெடுத்த இன்னொருவர், ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன், எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில். 14-ஆம் தேதி இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தார். அந்த நேரத்தில் வானத்தில் ஒரு ஒளி மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைக் கண்டதாக ப்ரெஸ்ஸோன் சொன்னார். ஆஸ்ரமத்தில் அத்தனை படங்கள் எடுத்தவரிடம் அந்த ஒளிக்குப் படமில்லை. அது எரிநட்சத்திரமா வேறெதுவுமா என்பது இங்கே என் பிரச்னை அல்ல. அவர் சொல் மட்டும் இருக்கிறது. நம்புகிறவன் நம்பலாம், மறுக்கிறவன் மறுக்கலாம். படம் இல்லாத இடத்தைக் காலியாகவே விட்டுவைத்ததில் ஒரு நாணயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் நீதிபதியாக உட்கார்ந்து சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. பல வருஷங்களுக்கு முன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சேரிக் குடிசைகளைக் கொளுத்தினார்கள். மறுநாள் காலை சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். சாம்பல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவி நடந்ததையெல்லாம் சொன்னாள். அதைப் பத்திரிகையில் எழுதும்போது, 'கூரை சரிவதைப் பார்த்தேன்' என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக இருந்தது. வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இதழைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டினார். அன்று இரவு நான் ஊரில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியதற்கு அச்சடித்த நோட்டீஸே அவர் கையில் இருந்தது. எழுதினவர் சொன்னதே பொய், இந்த அம்மாள் சொல்வது மட்டும் எப்படி நிஜம் என்று கேட்டார். வெளியே வந்து கிழவி என்னிடம் சொன்னாள்: "நீ ஏன் சாமி அப்பிடி எழுதின? நான்தான் பாத்தேனே."

தண்டனையின் அளவு எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொய்ச்சாட்சி ஜோதியைக் கெடுப்பதில்லை. நிஜமாகப் பார்த்தவரின் வாயை அடைக்கிறது. அதே ந்யூரம்பர்கில் ஸோவியத் தரப்பு, காத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளைக் கொன்ற பழியை ஜெர்மானியர் மேல் போட்டது. கொன்றது தங்கள் ஆட்களே என்று 1990-இல்தான் ஒப்புக்கொண்டது. மைதானெக்கைப் பற்றி அவர்கள் சொன்ன நிஜமும் இந்தப் பொய்யின் பக்கத்தில் நிற்கவேண்டியதாயிற்று. மறுக்க நினைப்பவனுக்கு அது போதும்.

கார்மென் செய்திருக்கவேண்டியது பெரிய காரியமில்லை. 'இது பிறகு நடத்திக் காட்டியது' என்று ஒரு வரி. படத்தின் சோபை கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். என் பங்குக்கும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. அன்று இரவு நான் அங்கே இல்லை. பார்த்தது அந்தக் கிழவி.