ஈஸ்ட்டும் பேணுதலும்

மணப்பாட்டை அடுத்த ஓர் ஊரிலிருந்து சகோதரி ஒருவர் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய ஐந்து வயது மகனுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. தயிரோ சீஸோ வாயில் பட்டால் உடலெங்கும் தடித்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் சீஸ் போட்ட மக்ரோனி தின்னும்போது இவன் அவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பானாம். துபாயிலிருந்து வந்த தம்பி 'நியூட்ரிஷனல் ஈஸ்ட்' என்ற மஞ்சள் செதில் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஊறவைத்த முந்திரிப் பருப்போடும் பூண்டோடும் அதை அரைத்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்தால் ஏறக்குறைய சீஸின் சுவை வருகிறது. பையனும் ஆசையாகத் தின்றான். மாமியோ பொட்டலத்தைக் கண்டதும், "ஈஸ்ட் என்றால் கள்ளின் மண்டி. ஹராம். அந்தச் சட்டி இனி என் அடுப்பில் ஏறாது" என்று சொல்லிவிட்டார்.

சகோதரியின் கேள்விகள் இரண்டு. இது ஹராமா? இல்லையென்றால், மாமிக்குத் தெரியாமல் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மாமியின் அச்சத்தை நாம் இளக்காரமாக நினைக்கக் கூடாது. பனைக்கு நடுவே வாழ்ந்தவர்கள் அவர்கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது. அதற்கு முந்திய காலத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு அதன் வாடையும் தெரியும், அதனால் அழிந்த குடும்பங்களும் தெரியும். ஆனால் அதே பனையைச் சற்று உற்றுப் பாருங்கள். உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு தேரிகளில் ஒரே பாளையிலிருந்துதான் பதனீரும் சொட்டுகிறது, கள்ளும் சொட்டுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டைப் பெருக விடுவதில்லை. அந்தப் பதனீரைக் காய்ச்சிய கருப்பட்டி இல்லாமல் நம் வீடுகளில் எந்தப் பலகாரம் நடக்கிறது? ஆக, மரமும் ஹராமல்ல, சாறும் ஹராமல்ல. போதை வந்து சேர்ந்ததே விலக்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமோ உலர்ந்த திராட்சையோ ஊறவைக்கப்படும், மூன்றாம் நாள் வரை அருந்துவார்கள், அதற்குமேல் மீந்தால் கொட்டிவிடச் சொல்வார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. பொருள் ஒன்றே, அதன் நிலை மாறியபோது சட்டமும் மாறியது.

ஈஸ்ட் என்பது காளான் இனத்தைச் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். பழத்தோலில் இருக்கிறது, மாவில் இருக்கிறது. காற்றுக் கிடைக்காத இடத்தில் சர்க்கரையைத் தின்றால் மதுவைக் கழிக்கும். காற்று தாராளமாகக் கிடைத்தால் தன் உடலைப் பெருக்கும். நியூட்ரிஷனல் ஈஸ்ட்டைப் பெரும்பாலும் கரும்பு அல்லது பீட்ரூட் சர்க்கரைப் பாகின் கழிவில், காற்றைச் செலுத்தி வளர்க்கிறார்கள். பிறகு கழுவி, சூட்டினால் கொன்று, உலர்த்துகிறார்கள். மாமி காலையில் தேநீரில் தோய்த்துத் தின்னும் பன்னை உப்பவைத்ததும் இதே இனம்தான். இவ்வாறு வளர்த்ததை ஹராம் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை.

இன்னொரு வகை உண்டு. அங்கே மாமியின் பேச்சில் உண்மை இருக்கிறது. பீர் வடித்தபின் தொட்டியின் அடியில் தங்குவதும் ஈஸ்ட்தான். இலங்கை வீடுகளில் ரொட்டியில் தடவும் மார்மைட், 1902இல் இங்கிலாந்தில் அந்த மண்டியிலிருந்து உருவானதே. நம் ஷாஃபிஈ மத்ஹபில் மது நஜீஸ். அதில் ஊறியதும் நஜீஸ் பட்டதே. கழுவினாலோ தன்மை மாறினாலோ சுத்தமாகுமா என்பதில் இக்கால உலமாக்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். சாதாரணச் சாப்பாட்டிற்கு அதை விட்டுவிடுவதே என் மனத்திற்குப் படுகிறது. மருந்தின் நிலை வேறு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளின் கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். மிகவும் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் ஏழை முஸ்லிம் பெண்களே. மார்மைட் கொடுத்தபோது அவர்கள் தேறியதை 1931இல் வெளியிட்டார். பின்னர் ஃபோலிக் அமிலம் எனக் கண்டறியப்பட்ட சத்துதான் அவர்களைத் தேற்றியது. அது ஈஸ்ட்டின் உடலில் இருந்த சத்தேயன்றி மதுவின் சத்தல்ல.

எனக்கு வியப்பு தருவது வேறு. அதே வீட்டில் சீஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை! பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் ஃபிக்ஹு நூல்கள் 'இன்ஃபஹா' என்கின்றன. முறைப்படி அறுக்கப்படாத கன்றினுடையதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் சுத்தம் என்றார்கள். நம் மத்ஹபில் அது நஜீஸ். இன்று பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னட்டே பயன்படுகிறது. நம் நாட்டில் பச்சைப் புள்ளியிட்ட சீஸில் கன்றின் ரென்னட் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் சீஸுக்கு இந்த உறுதி இல்லை. பழகிய பொருளைக் கேள்வியில்லாமல் தின்கிறோம், புதிய பொருளைக் கேள்வியில்லாமல் தடுக்கிறோம். இரண்டும் பேணுதலாகுமா? நெய்யையும் சீஸையும் பற்றி வந்த அறிவிப்பில், அல்லாஹ் தன் வேதத்தில் ஆகுமாக்கியதே ஹலால், தடுத்ததே ஹராம், மௌனமாக விட்டது மன்னிக்கப்பட்டது என்ற கருத்து இருக்கிறது. அது ஸல்மான் (ரலி) அவர்களின் சொல் என்பதே வலுவானது என இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் கருதினாலும், பொருள் தெளிவு. தன் நாவுக்குத் தோன்றியபடி இது ஹலால், இது ஹராம் என்று சொல்வதை அல்லாஹ்வின் மீது பொய் புனைவதாக அந்நஹ்ல் அத்தியாயம் எச்சரிக்கிறது. மாமி தமக்காக ஒன்றை விலக்கிக்கொள்வது பேணுதல். அதைப் பிள்ளைக்கு ஹராமாக்குவது தீர்ப்பு. தீர்ப்புக்கு அறிவு வேண்டும்.

அதற்காக மறைத்துக் கொடுக்காதீர்கள், சகோதரி. ஒளித்துத் தின்ற பிள்ளைக்கு ஹலாலான உணவும் திருட்டுப் பண்டமாகத் தோன்றும். பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா, பாகில் வளர்த்ததா, பீர் மண்டியா என்று பாருங்கள்; தெரியாவிட்டால் தயாரித்தவர்களைக் கேளுங்கள். பிறகு மாமியிடம் உங்கள் கணவர் பேசட்டும். அது மருமகள் தனியாகச் சுமக்க வேண்டிய பேச்சல்ல. சட்டிதான் தடையென்றால் தனிச் சட்டி வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும்: இது சீஸின் சுவைக்கு ஈடு, பாலின் சத்துக்கு ஈடல்ல. சுண்ணாம்புச் சத்து இதில் சொற்பம். பி12ஐயும் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். கேழ்வரகும் எள்ளும் எலும்போடு தின்னும் நெத்திலியும் பையனுக்கு வேண்டியிருக்கும். அந்தச் சமையலில் மாமியைவிடத் தேர்ந்தவர் உங்கள் ஊரில் யார் இருக்கிறார்?